மகளுக்குக் கிழங்கு வேஷம்

பள்ளியிலிருந்து மகள் கொண்டுவந்த துண்டுச்சீட்டை என் வீட்டுக்காரர் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மே 30, பெரு நாட்டின் தேசிய உருளைக்கிழங்கு தினம். ஆளுக்கொரு கிழங்கு வேஷம் போட்டு வர வேண்டுமாம். எங்கள் பங்குக்கு வந்தது 'பாபா அமரீயா', மஞ்சள் கிழங்கு. நம் ஊரில் பாரதியாருக்கு முண்டாசு, ஆண்டாளுக்குச் சாய்ந்த கொண்டை என்று எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பெருவின் தலைநகரான இந்த லிமாவில் கிழங்குக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் மஞ்சள் துணியைப் பை மாதிரி தைத்து, பஞ்சை அடைத்து, பிள்ளையை உள்ளே இறக்கிவிட்டேன்.

வேஷத்தோடு இரண்டு வரி வசனமும் உண்டு. "நான் வானுகோ மலையிலிருந்து வருகிறேன். என் மஞ்சள் நிறம் உங்கள் கண்ணுக்கு நல்லது." வீடியோ பாளையங்கோட்டைக்குப் போன வேகத்தில் அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. "ஏட்டி, பிள்ளைக்கு வேற வேஷமே கிடைக்கலையா? கிழங்குல என்ன சத்து இருக்கு, வாயுதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை மூன்று நாள் மனப்பாடம் செய்த வசனம் அது. தவிர, அது உண்மையும்கூட. மஞ்சள் சதையில் லூட்டினும் ஸியாசாந்தினும் இருக்கின்றன; கண்ணின் விழித்திரையில் சேர்கிற சத்துகள். ஊதாக் கிழங்குக்கு நிறம் தருவது ஆந்தோசயனின், நாவல் பழத்தில் இருக்கும் அதே வகைதான். நம் கடைகளில் வெள்ளைச் சதைக் கிழங்கு ஒன்றையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது. ஆண்டீஸ் மலையில் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட நாட்டு ரகங்கள் உண்டு. அவற்றைக் காத்து ஆராய்கிற, 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இங்கே லிமாவில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு கணக்கும் சொல்லிப் பார்த்தேன். தோலோடு வேகவைத்த கிழங்கு 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 13 மில்லிகிராம். நாம் பொரியலாகத் தொட்டுக்கொள்கிற அளவுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மலைக் கிராமங்களில் கிழங்குதான் சோறு. அரைக்கிலோ உள்ளே போனால் ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. "அரைக்கிலோவா!" என்றார் அம்மா. கணக்கு அத்தோடு நின்றது.

இரும்புச்சத்து விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த நாட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்துக்கு நாலு பேருக்கு ரத்தசோகை. சுகாதார நிலையத்தில் கோழி ரத்தம் சமைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். முட்டைக்கே பஞ்சாயத்து நடக்கிற எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே முடியாது. உருளைக்கிழங்கில் இரும்பு கொஞ்சம்தான். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிற ஃபைட்டேட் இதில் குறைவு, வைட்டமின் சி-யும் கூடவே இருக்கிறது. அதனால் இருக்கிற கொஞ்சம் உடம்பில் நன்றாகச் சேருகிறது. இதில் மஞ்சள் கிழங்குக்கே முதலிடம். ஊதாவில் உள்ள பாலிபீனால்கள் இரும்பைச் சேரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். சுற்றுலாக் கடைகளில் ஊதாக் கிழங்கை எண்ணெயில் பொரித்து, பளபளப்பான பையில் போட்டு 'அபூர்வ உணவு' என்று விற்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிப்ஸ் எந்த நிறத்தில் இருந்தாலும் சிப்ஸ்தான்.

மாடி வீட்டு அம்மாள் தெற்கே மலைப்பகுதியான புனோ பக்கத்துக்காரர். ஒருநாள் கறுப்பாக, கூழாங்கல் மாதிரி எதையோ ஒரு பை நிறையக் கொடுத்தார். சுன்யோ. ஜூன் மாத இரவில் கிழங்கைப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டால் வருடக்கணக்கில் கெடாதாம். வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். கசப்பு ரகங்களின் நஞ்சும் போய்விடும் என்பதுதான் இதில் காரியம். ஓடும் நீரில் ஊறவைக்கும் வெள்ளை வகையான துந்தாவில் சுண்ணாம்புச்சத்துகூட ஏறும். அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் பாளையங்கோட்டை மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். சித்திரை வெயில், வேட்டியில் கூழ்வத்தல், கையில் குச்சியோடு காக்கா விரட்டும் நான். "புரிகிறதா?" என்று அவர் கேட்டதும் வேகமாகத் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் சந்தையில் வெறுமனே "ஒரு கிலோ கிழங்கு" என்று கேட்பதில்லை. மசித்து எலுமிச்சை பிழிந்து ஆறவைத்துச் சாப்பிடும் கவுசாவுக்கு மஞ்சள், தோசை மசாலாவுக்கு வைரோ ரகம் என்று காரணம் சொல்லித்தான் வாங்குகிறேன். ஆறின கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறிவிடும் என்பதால், சர்க்கரைக்குப் பயப்படும் என் வீட்டுக்காரருக்கும் கவுசாவில் ஒரு துண்டு உண்டு. லிமாக்காரி ஆகிவிட்டேன் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று.

சொன்ன மறுவாரமே சந்தையில் ஒரு கிழங்கைப் பார்த்துவிட்டேன். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். மலையில் வருங்கால மருமகள் கையில் இதைக் கொடுத்து, தோல் சீவச் சொல்லித்தான் மாமியார் சோதிப்பாராம். தினசரிச் சமையலுக்கு அவர்கள் தோலோடு வேகவைத்து விடுகிறார்கள். சத்தும் அதிகம் வீணாகாது. எனக்கோ சிறுகிழங்கு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. மார்கழி வந்தால் திருநெல்வேலியில் மண் வாசனையோடு குவியுமே, அது. ஆச்சி அதை ஈரச் சாக்கில் போட்டுக் கட்டித் தரையில் அடிஅடியென்று அடிப்பாள். அப்படியும் போகாத தோலை நானும் சித்தியும் நகத்தால் சுரண்டுவோம், விரலெல்லாம் கறுத்துப்போகும். பொங்கலன்று அந்தக் கூட்டுக்கு முன்னால் எந்த நாட்டுக் கிழங்கும் நிற்காது.

பொங்கலன்று அம்மாவைக் கூப்பிட்டு முதல் கேள்வியாகவே கேட்டேன், சிறுகிழங்கு எப்படி இருந்தது என்று.

"அதை யாருட்டி உக்காந்து தோலுரிக்கது? உருளைக்கிழங்கைப் போட்டு ஒப்பேத்தியாச்சு" என்றார் அம்மா.