வென்டிலேட்டர்ல இருந்த அப்பாவோட தொண்டை தப்பிச்ச கதை

ஏற்காட்டு எஸ்டேட்ல வேலை பாக்குற எங்கப்பாவுக்கு ஜிபிஎஸ் (கில்லன்-பாரே சிண்ட்ரோம், நரம்பத் தாக்குற நோய்) வந்துச்சு, கால்ல மரத்துப்போய் அப்படியே மேல ஏறி மூச்சு விடுற தசையும் படுத்துக்கிச்சு, ராத்திரியோட ராத்திரியா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துல ஐசியூல சேத்தோம். வாய் வழியா டியூப், வென்டிலேட்டர். நோயப் பத்தி நிறைய பேர் எழுதிருக்காங்க, நான் அந்த டியூப்பப் பத்தி மட்டும் சொல்றேன்.

டியூப் நுனிப்பக்கம் குட்டி பலூன் ஒண்ணு இருக்கு, கஃப்னு சொல்றாங்க. மூச்சுக்குழாய அடைச்சு நின்னு காத்து வெளிய போகாம பாத்துக்கும். காத்து கூடிப்போனா உள்சுவரு நசுங்கி ரத்த ஓட்டம் தடைபட்டு புண்ணாகி, அது ஆறும்போது தழும்பாகி குழாயே சுருங்கிடலாம், கொறஞ்சா எச்சில் கசிஞ்சு நுரையீரல்ல இறங்கி நிமோனியா. கஃப்புக்குள்ள இருக்குற அழுத்தம் 20லேர்ந்து 30 சென்டிமீட்டர் தண்ணி அளவுக்குள்ள இருக்கணுமாம். கஃப்போட சேந்து வெளிய தொங்குற இன்னொரு சின்ன பலூன விரலால அமுக்கிப் பாத்தா சரியா தெரியாது. அங்க சிஸ்டர் ஷிஃப்ட் மாறுனதும், டயருக்கு காத்து பாக்குற மாதிரி ஒரு மீட்டர சொருகிப் பாத்து, 25ன்னு சார்ட்ல எழுதிட்டுதான் மத்த வேலை. டியூப் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரிய, உதட்டுகிட்ட அதுல எந்த நம்பர் இருக்குன்னும் எழுதுவாங்க. ஒரே எடத்துல அழுந்தக்கூடாதுன்னு வலது கடைவாய்லேர்ந்து இடதுக்கு மாத்தி புது டேப் ஒட்டுவாங்க, அப்போ ஒருத்தர் டியூப்ப புடிச்சுக்கிட்டே நிப்பாங்க. புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அப்படித்தான், டியூப் இழுபடுறதுலயும் புண் வருமாம்.

ரெண்டு வாரம் ஆகப்போகுது, இப்போதைக்கு எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் கழுத்துல டிரக்கியாஸ்டமி, அதாவது ஓட்டை போட்டு நேரா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப், போடலாம்னாங்க. சித்தப்பா ஒரே சத்தம், கழுத்துல ஓட்டையா, மனுசன் அப்புறம் பேசவே மாட்டாருன்னு. டாக்டர் பொறுமையா சொன்னாரு, வாய் டியூப் குரல் நாண் நடுவுலதான் போகுது, நாளாக நாளாக அங்கதான் உரசும், கழுத்துல போட்டா அந்த எடம் தப்பிச்சுக்கும், மயக்க மருந்தும் கொறைக்கலாம், ஆனா அதுலயும் கஃப் இருக்கு, அதையும் அளக்கணும்னு. கையெழுத்து போட்டோம். என்னைக் கேட்டா அதுதான் சரியான முடிவு, அப்பா வாயசைச்சு காப்பி கேட்டதே அதுக்கப்புறம்தான் (குடுக்கல, அது வேற கதை).

கொஞ்சம் கொஞ்சமா மூச்சு திரும்பி கழுத்து டியூப்பும் எடுத்தாச்சு. கொரல் கொஞ்ச நாள் கரகரன்னு இருந்துச்சு. டிஸ்சார்ஜ் அப்போ ஒண்ணு அழுத்தி சொன்னாங்க, மூச்சுக்குழாய் சுருங்குறது சில வாரம், ஏன் சில மாசம் கழிச்சுகூட தெரியலாம், மேடு ஏறும்போது மூச்சு வாங்குறது, இழுக்கும்போது கீச்சுன்னு சத்தம்னா வீசிங்னு இன்ஹேலர் வாங்கிட்டு சும்மா இருக்காதீங்க, டியூப் போட்டிருந்தத சொல்லி ஈஎன்டி டாக்டர்கிட்ட ஸ்கோப் (கேமரா விட்டு உள்ள பாக்குறது) பாருங்கன்னு. அப்பாவுக்கு பாத்தாச்சு, சுருக்கம் இல்ல.