மூன்று ஜெட் மாற்றியும் தீராத புல்லட் திணறல்

என்னிடம் இருப்பது மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், சுருக்கமாகக் கார்ப்) வைத்த பழைய 350 சிசி புல்லட். போன வருடம் அதற்கு புகை தடையில்லாமல் வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டேன், அப்படியே கார்பையும் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்தே தொல்லை. சிக்னலில் நின்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு நொடி திணறும், சில நேரம் அணைந்தேவிடும், வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் படபடவென்று வெடிக்கும். ப்ளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொன்னார்கள். ஜெட் என்பது பெட்ரோல் அளவாக வரும் துளை போட்ட சின்னத் திருகு, எண் கூடினால் துளை பெரிது. புதுப்பேட்டையில் 95, 100, 105 வாங்கிவந்து, இருந்த 90-ஐ எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். 105-இல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி கனத்துப்போய் ப்ளக்கில் கரி பிடித்தது, சிக்னல் திணறலோ இம்மியும் குறையவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது.

அப்புறம் செய்ததைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டிப் பார்த்தேன். திணறல் கால் கோட்டுக்குக் கீழே மட்டும்தான். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும், அதற்குக் காற்றை அளந்துவிடும் ஏர் ஸ்க்ரூவும், ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடின் அடிவெட்டும். கால் கோட்டிலிருந்து முக்கால் வரை பெரும்பாலும் ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். மெயின் ஜெட்டின் வேலை முக்காலுக்கு மேல்தான், அதாவது நான் மாற்றிக்கொண்டிருந்த பாகத்துக்கும் என் தொல்லைக்கும் சம்பந்தமே இல்லை.

பைலட் ஜெட்டைக் கழற்றிக் கம்ப்ரெசர் காற்றில் ஊதினேன் (கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் மேலே பொறித்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை). அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) அசையவில்லை, அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இன்ஜின் சூடேறும் முன், கார்பும் இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தில் கார்ப் கிளீனரைத் துளி அடித்தேன். ஐடிலிங் சட்டென்று மாறியது. கார்பைக் கழற்றி, அது ஹெட்டோடு ஒட்டும் தட்டை முகமான ஃபிளாஞ்சின் மேல் ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது! நட்டை அளவுக்கு மேல் முறுக்கியதில், நட்டு உட்காரும் காதுகள் இரண்டும் வளைந்திருக்கின்றன, அந்த இடைவெளியில்தான் காற்று இழுத்திருக்கிறது.

கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, ஃபிளாஞ்ச் முழுக்க ஒரே பளபளப்பு வரும்வரை தேய்த்து, பொடி போகக் கழுவி, புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி அளவாக முறுக்கினேன். திணறல் அன்றே போய்விட்டது. ஏர் ஸ்க்ரூவும் சொன்ன பேச்சைக் கேட்டது, ஒன்றரைச் சுற்றில் ஐடிலிங் சீராக நிலைத்தது.

ஜெட் வேலையை மறுபடி 90-இலிருந்து ஆரம்பித்தேன், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். விடியற்காலையில் காலியான ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் போய், கிளட்சைப் பிடித்து அங்கேயே இன்ஜினை அணைத்து ப்ளக்கைப் பார்ப்பேன். 90-இல் இன்னும் வெளுப்பு, 95-இல் நல்ல டீ நிறம். அரை ஆக்சிலேட்டரில் இழுவை கொஞ்சம் குறைவாக இருந்ததால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினேன், நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடுதலாக வரும். ஆக்சிலேட்டரை விடும்போது வந்த வெடிச்சத்தம் மட்டும் லேசாக மிச்சமிருந்தது, இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்துக் கிளாம்பு தளர்ந்திருந்தது, அதை இறுக்கியதும் அதுவும் நின்றுவிட்டது.