பேண்ட் வாத்தியப் பையன் ஒருவனைத் தேடி நான்கு முறை அலைந்தேன்

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. அவருடைய தாத்தா சின்ன வயதில் ஹான்வெல் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவில் கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்தவர், அங்கிருந்து நேராகப் பட்டாளத்துக்குப் போனவர் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாம். "அது உண்மைதான் என்று ஒரு காகிதத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்றார். பார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆனது.

ஹான்வெல் பள்ளி என்றால் இங்கே மேற்கு லண்டனில் குக்கூ ஸ்கூல் என்று சொல்வார்களே, அதுதான். லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்காக 1850களில் கட்டியது. நடிகர் சார்லி சாப்ளினை 1896இல் ஏழு வயதில் கொண்டுவந்து சேர்த்ததும் இங்கேதான். அதன் நடுக்கட்டடம் இன்று சமூகக்கூடம். என் மகள் வாரா வாரம் அங்கே வகுப்புக்குப் போகிறாள்.

அந்தக் காலத்து ஏழைப் பள்ளிகளில் தையல், செருப்புத் தைப்பது மாதிரி பேண்டும் ஒரு தொழில். 14 வயதானால் ராணுவ பேண்டுகள் பையன்களை எடுத்துக்கொள்ளும். பட்டாளத்துக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பையன் கிடைப்பான், வரி கட்டுகிற ஊருக்கு ஒரு வயிற்றுச் செலவு குறையும். பையனிடம் யாராவது விருப்பம் கேட்டிருப்பார்களா என்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதல் முறை போனது முழு வீண். பள்ளிப் பதிவேடுகள் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை எடுக்க முகவரிச் சான்று வேண்டும். இணையதளத்தில் 'வங்கிக் கணக்கு அறிக்கை' என்றுதான் போட்டிருந்தது. அச்செடுத்துக்கொண்டு போனேன். வங்கி தபாலில் அனுப்பிய அசல்தான் செல்லும், வீட்டில் அச்செடுத்தது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாள் விடுப்பு. தயவுசெய்து கவுன்சில் வரி ரசீதின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாம் முறை அட்டை கிடைத்தது. சேர்க்கைப் பதிவேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரு துண்டுச் சீட்டு: 'சேதமடைந்துள்ளது, வழங்க இயலாது.' பட்டியலில் இதை ஒரு வரி போட்டிருந்தால் நான் வந்தே இருக்க மாட்டேன். வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "கேட்லாக்கில் பாருங்கள்" என்றார் மேசையில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பையை எடுக்க லாக்கர் பக்கம் போனபோது அங்கே நின்ற ஒரு முதியவர், "கிடைக்கவில்லையா?" என்று தானாகக் கேட்டார். சொன்னேன். "மதப் பதிவேடு கேட்டுப் பாரம்மா" என்றார். ஏழைகளைப் பராமரிப்பதற்கான 'ஏழைச் சட்டத்தின்' கீழ் இயங்கிய இந்த மாதிரிப் பள்ளிகளும் விடுதிகளும் தங்களிடம் இருக்கும் ஒவ்வொருவரும் எந்த மதம், எந்தச் சபை என்று தனியாக எழுதி வைக்க வேண்டும் என 1868இல் சட்டம் வந்தது. பெயர், பிறந்த ஆண்டு, எங்கிருந்து வந்தான், எப்போது போனான் எல்லாம் அதிலும் இருக்கும். சேர்க்கைப் பதிவேடு இல்லையென்றால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள், இதைக் கேளுங்கள்.

மூன்றாம் முறை அது வந்தது. பெரிய தோல் அட்டைப் புத்தகம், ஓரமெல்லாம் பொடிந்து உதிர்ந்தது. குடும்பப் பெயரில் ஓர் எழுத்து குறைவாக எழுதியிருந்ததால் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். பிறந்த ஆண்டு 1865 என்பதை வைத்துத்தான் பிடித்தேன். வெளியேறியது 1879. கடைசிக் கட்டத்தில் வேறு மையில், சின்ன எழுத்தில்: 'பேண்ட், 52ஆம் படைப்பிரிவு.' பக்கத்தின் மேலும் கீழும் பார்த்தேன். அதே மாதிரி 'பேண்ட்' என்று இன்னும் மூன்று பையன்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1881இல் படைப்பிரிவுகளின் எண்களை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்கள் வைத்தார்கள். 52ஆம் பிரிவு 43ஆம் பிரிவோடு சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாழ்க்கை கிடைக்காது. இன்னொன்று, 1883க்கு முன்பு ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய சிப்பாய்களின் பணிப் பதிவுத் தாள்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. தாத்தா 1893 வரை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நான்காம் முறை போனது லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிறு, திங்களில் மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். சிப்பாய்த் தாள்களைப் பணம் கட்டும் தளங்களில் தேட வேண்டாம், அங்கே உள்ள கணினியில் இலவசமாகவே பார்க்கலாம். அதே பெயரில் நிறையப் பேர் வந்தார்கள். பிரிவும் வயதும் தெரிந்ததால் பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

தொழில் என்ற இடத்தில் 'இசைஞர்'. வயது 14. உயரம் 4 அடி 9 அங்குலம். பின்னால் ஒரு தாளில் நெல்லர் ஹாலில் பயிற்சி பெற்றதாக ஒரு வரி. 1857 முதல் ராணுவ இசைப்பள்ளியாக இருந்த கட்டடம் அது. அதற்கு முன் ஏழைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார்செய்யத்தான் அங்கே கல்லூரி நடத்தினார்கள் என்பதைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. அடியில் பையனின் கையெழுத்து. கடைசி எழுத்தில் மை திட்டாகத் தேங்கியிருந்தது.

பாட்டி அந்த மைத்திட்டைத்தான் வெகுநேரம் விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஓர் அளவு நாடாவைக் கொண்டுவந்து, சமையலறைக் கதவு நிலையில் 4 அடி 9 அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். பள்ளியிலிருந்து வந்த என் 11 வயது மகளைக் கூப்பிட்டு அதன் கீழே நிற்க வைத்தார். கோடு அவள் உச்சந்தலையில் சரியாக உட்கார்ந்தது.