கிணற்றை நம்பி ஒரு குட்டை
மழை நின்ற இரண்டு மாதத்தில் மீன் வளர்க்கும் எங்கள் பண்ணைக்குட்டை இடுப்பளவுக்கு இறங்கிவிடும், அப்புறம் கிணற்று மோட்டார்தான். 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டை. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 4,500 லிட்டர் போச்சு, அடிமண் குடிப்பது தனி. அதனால் களிமண் கொட்டி, தண்ணீர் கட்டி, மாடுகளை விட்டு மிதிக்க வைத்தோம், கசிவு நன்றாகவே குறைந்தது.

கிணற்றின் ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. குழாயை நேராகக் குட்டைக்குள் விட்டு நிரப்பிய அன்று கட்லா, ரோகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்போது குழாயை நாலடி உயரத்தில் கட்டி, காற்று கலக்கட்டும் என்று கருங்கல் மேல் சிதறி விழ விடுகிறோம்.

ஊற்று ஊறும் அளவுக்கு மேல் இறைக்காதீர்கள். கிணற்றில் ஏழாவது படி தெரிந்தால் நாங்கள் மோட்டாரை நிறுத்திவிடுவோம், தென்னைக்கும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தானே.