பல்லுக் கொதிக்காரரும் 600 ரூபாய் ஓட்டோவும்

வவுனியாப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதற்கு 600 ரூபாய் வாங்கிய ஓட்டோக்காரரின் மீதான கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். தொல்பொருள் அருங்காட்சியகம் என்றதும் தலையாட்டியவர், பாதி வழியில் இரண்டு கடைகளில் இடம் விசாரித்தார். அந்தச் சுற்றுக்கும் சேர்த்து என்னிடமே காசு வாங்கினார். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை நின்றும், அதன்பின் முதுகுப்புறம் உடைந்த இருக்கையில் சரிந்தும் வந்த எனக்குப் பேரம் பேசத் தெம்பிருக்கவில்லை. என் அக்காவின் பத்து வயது மகள் வேறு தண்ணீர் கேட்டபடி இருந்தாள்.

வழி, செலவு, நேரம் என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும், கிளிநொச்சிப் பகுதியில் கிடைத்த சுடுமண் உருவங்களைப் பற்றிச் சொல்லாமல் வேறெதற்கும் நகர மனம் வரவில்லை. கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. கன்னங்கள் உப்பிய அந்த முகங்களில் ஒன்றின் முன் நின்ற மருமகள், "மாமா, இவருக்குப் பல்லுக் கொதியோ?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தபோது, ஈரக் களிமண்ணை உருட்டி அழுத்திய விரல் இப்போதுதான் விலகியது போலத் தோன்றியது. கிளிநொச்சி என்றாலே போரை மட்டும் நினைக்கப் பழகிவிட்ட என் தலைமுறைக்கு, அதே மண்ணைப் பிசைந்து 1500 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ முகம் செய்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

அருங்காட்சியகத்தின் நடுவிலுள்ள அறுகோண அறையில் 5ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான புத்தர் சிலைகள் நிற்கின்றன. அவை மன்னார்ச் சுண்ணக்கல்லில் செதுக்கப்பட்டவை. வவுனியாவைச் சுற்றி நாம் காண்பதெல்லாம் கடினமான பாறை. சுண்ணக்கல் படுகையோ மேற்குக் கரையோரத்தில், இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மன்னார்ப் பக்கத்தில் இருக்கிறது. தார்ச்சாலையும் பேருந்தும் இருந்துமே எனக்கு முதுகு நொந்தது. அந்தக் கல்லை நகர்த்தியவர்கள் பட்ட பாட்டை நினைத்தேன்.

வவுனியாவும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியில் புத்தர் சிலை என்ற சொல்லைக் கேட்டாலே இன்று தமிழராகிய நம் முகம் சுருங்குகிறது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்தில், பௌத்தத் துறவியர் தங்கிய குகையொன்றில், தமிழ் வணிகனான விசாகன் என்னும் இல்லறத்தானுக்குரிய குகை எனக் கூறும் கி.மு. காலப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும். பழைய பொருள்களை ஒருவர் தமக்கு மட்டும் உரியவை என்று இழுப்பதும், மற்றவர் தமக்கு வேண்டாம் என்று கைவிடுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத மடைமை என்பதே என் கருத்து. நாங்கள் இருந்த நேரத்தில் வேறு ஒருவரும் உள்ளே வரவில்லை.

பசித்த வயிற்றோடு வெளியே வந்து, பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு கடைக்குள் நுழைந்தோம். குளத்து விரால் மீன் குழம்பும் குரக்கன் புட்டும் கிடைத்தன. மிளகாய்த்தூள் சற்றே தூக்கலாக, புளி அளவாக, வாழையிலையின் ஓரத்தில் எண்ணெய் மிதக்க இருந்த அந்தக் குழம்புக்காகவே இன்னொரு முறை வவுனியாவுக்குப் போகலாம். இருவருக்குமாக 900 ரூபாய்தான். ஓட்டோக்காரர் வாங்கிய காசோடு ஒப்பிட்டு மறுபடி எரிச்சலடைந்தேன்.

திரும்பும்போது பேருந்து நிலையம் வரை நடந்தே போனோம். வெயில் கடுமையாக இருந்தபோதிலும் 600 ரூபாய் மிச்சம். பேருந்து புறப்பட்டதும் மருமகள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, கன்னங்களை உப்ப வைத்துக்கொண்டு, புளியங்குளம் வரை அப்படியே இருந்தாள்.