இட்லிப் பானையில் போட்ட பல்செட்டு

பல்செட்டு செய்யும் லேபில் வேலை. நோயாளிகளை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை, அவர்களுடைய செட்டுகளைத்தான் பார்க்கிறோம். ரிப்பேருக்கு வருகிற செட்டைக் கையில் எடுத்தாலே அந்த வீட்டில் அதை எப்படிக் கழுவுகிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒருமுறை டாக்டர் கிளினிக்குக்கே வரச் சொன்னார். ஆறு மாதம் முன்பு கொடுத்த மேல்செட்டு பெரியவரின் வாயில் நிற்கவே இல்லை. செட்டின் ஈறு நிறம் அங்கங்கே வெளுத்திருந்தது. கூட வந்த அம்மாதான் சொன்னார்: "சுத்தமா வெச்சுக்கணும்னு சொன்னீங்களே தம்பி. வாரத்துக்கு ஒருதரம் இட்லிப் பானைத் தண்ணி கொதிக்கும்போது போட்டு எடுத்துடுவேன்."

வேடிக்கை என்னவென்றால், செட்டு செய்யும் அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நாங்களும் வெந்நீரில்தான் வேகவைக்கிறோம். 74 டிகிரியில் இரண்டு மணி நேரம், அப்புறம் கொதிநிலையில் ஒரு மணி நேரம். ஆனால் அப்போது ஃபிளாஸ்க் என்கிற உலோக அச்சுப் பெட்டிக்குள், பிளாஸ்டர் நடுவில், கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பிளாஸ்டர் விடாது. அந்த இழுபறி செட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிடிமானம் இல்லாமல் மறுபடி கொதிநீரில் விழுந்தால் அது அவிழ்ந்து செட்டு கோணிக்கொள்கிறது. காயவிட்டாலும் வடிவம் மாறும், அதனால்தான் ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்கிறோம்.

வெற்றிலை போடுகிறவர்களின் செட்டு வேறு கதை. கறை போகப் பல்பொடி, சிலர் சாம்பல்கூட. அக்ரிலிக், நிஜப் பல்லின் எனாமலைவிட மிகவும் மெத்து. பேஸ்டே அதைக் கீறும். பாலிஷ் போன இடத்தில் கறை இன்னும் சீக்கிரம் ஏறும், கீறலுக்குள் கேண்டிடா பூஞ்சை குடியேறும். மெல்லிய பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

பிளீச்சிங் திரவத்தைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை. லேபுக்கு வரும் செட்டுகளை அதில்தான் நனைக்கிறோம், அரை சதவீதக் கரைசல், 10 நிமிடம். கோபால்ட் குரோமியக் கம்பி உள்ளதை அதில் போடக் கூடாது, உலோகம் அரித்துக் கறுக்கும். இதெல்லாம் தெரிந்த நானே ஒரு தீபாவளி நெருக்கடியில், உள்ளே மெத்தென்ற லைனர் வைத்த கீழ்செட்டை அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் லைனர் வெளுத்து, விறைத்து, ஓரத்தில் உரிந்திருந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். நோயாளியிடம் "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி" என்று கிளினிக்கில் சொல்லிச் சமாளித்தார்களாம். இப்போது அந்த டப்பா மேல் ஒரு டைமர் இருக்கிறது.

பெரியவருக்குப் புதுச்செட்டு கொடுத்த அன்றும் போயிருந்தேன். "ராத்திரி பச்சைத் தண்ணியில போட்டு வைங்கம்மா, அது போதும்" என்றேன்.

"பச்சைத் தண்ணியில எந்தக் கிருமி தம்பி சாகும்?"

"அதுக்கு முன்னாடி சோப்பு போட்டுத் தேய்ச்சுடணும்மா."

தலையாட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.