கரைக்குக் கீழே 11 வீடுகள்

நியூஜெர்சியின் வடபகுதியில் சின்னச் சின்ன ஏரிகள் ஏராளம். 1920களில், நியூயார்க்கின் கோடை வெக்கைக்குத் தப்பி வருகிறவர்களை நம்பி, மனை விற்பவர்கள் ஓடைகளை மறித்து மண்கரை போட்டு உண்டாக்கியவை அவற்றில் பல. நாங்கள் வீடு வாங்கிய இடத்து ஏரியும் அப்படி வந்ததுதான். கரை 18 அடி உயரம், 300 அடிக்குச் சற்று அதிக நீளம். பாசனம் இல்லை, குடிநீர் இல்லை. படகுக்கும் தூண்டிலுக்கும் பிள்ளைகளின் நீச்சலுக்கும்தான் அந்தத் தண்ணீர். கரை குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். அதாவது, அது உடைந்தால் பொறுப்பு எங்கள் 78 வீடுகளுக்கு.

சங்கச் செயலாளர் பொறுப்பை நான் ஏற்ற வசந்தத்தில், மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பதிவுபெற்ற பொறியாளரின் ஆய்வறிக்கையைச் சங்கம் அனுப்பத் தவறியிருந்தது. உடனே அனுப்ப வேண்டும். அணையின் அபாய வகையையும் மறுபடி கணிக்க வேண்டும். அது முதல் வகைக்கு உயரக்கூடும்.

கூட்டத்தில் ஒரே கொந்தளிப்பு. "தொண்ணூறு ஆண்டு நின்ற கரையை ஆபத்தானது என்கிறார்களே" என்று மூத்த உறுப்பினர்கள் வருந்தினார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பொறியாளர் சொன்ன பிறகே விளங்கியது: வகை என்பது கரையின் பலத்துக்குப் போடும் மதிப்பெண் அல்ல. கரை போனால் கீழே உயிர் போகுமா என்ற ஒரே கேள்விக்கான பதில் அது. எவ்வளவு உறுதியான கரையும் முதல் வகையில் வரலாம். எங்கள் கரை கட்டப்பட்டபோது கீழே புல்வெளிதான் இருந்தது. பிறகு ஓடையோரம் ஒவ்வொன்றாக வீடுகள் எழுந்தன. கட்ட அனுமதி கொடுத்தவர்களோ, வாங்கியவர்களோ, மேலே இருந்த நாங்களோ கரையை நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஆய்வு நவம்பரில் நடந்தது. இலை உதிர்ந்து புல் பழுத்தால்தான் கரை தன் உடம்பைக் காட்டும் என்றார் பொறியாளர். கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் ஐந்தடிக்கு ஒருமுறை மண்ணைக் குத்திக்கொண்டே நடந்தார். வெளிச்சரிவில் மேப்பிளும் ஓக்கும் தோப்பாக நின்றன. அந்த நிழலுக்காகவே கரையில் நடக்கிறவர்கள் நாங்கள். மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். நின்றபடி பட்டுப்போனால் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகும் என்று அவர் விளக்கினார். ஜார்ஜியாவில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையின் சரிவிலும் மரங்கள் வளர்ந்திருந்தன. மின்சாரம் எடுப்பதை நிறுத்திய பிறகு அதுவும் எங்களுடையதைப் போலப் பொழுதுபோக்கு ஏரியாகத்தான் இருந்தது. 1977 நவம்பர் 6 அன்று, பெருமழைக்குப் பின் நள்ளிரவு தாண்டி அது உடைந்தது. கீழே இருந்த விவிலியக் கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவப் பொறியாளர் படை நாடெங்கும் சுமார் 8,800 அணைகளை ஆய்வு செய்தது. அந்தப் பட்டியலில் எங்கள் அணை இல்லை. கீழே அப்போது வீடுகள் போதிய அளவு இல்லை.

கரையின் அடிவாரத்தில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தது. சுற்றிலும் புல் வைக்கோல் நிறத்தில் கிடக்க, ஒரு பாய் அளவுக்கு இளம்பச்சை. கம்பி அங்கே முக்கால் அடி தானாக இறங்கியது. இழுத்த துளையில் தண்ணீர் ஊறி நிரம்பியது. அன்றிரவு செங்கல்பட்டுப் பக்கத்து எங்கள் ஊருக்கு அப்பாவிடம் பேசினேன். ஏரிப் பாசனத்தில் ஐம்பது ஆண்டு பயிர் செய்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா?"

மறுநாள் கண்ணாடி ஜாடியில் அந்தக் கசிவைப் பிடித்துச் சமையலறை மேடையில் வைத்தேன். மாலையில் அடியில் மெல்லிய துரு நிறப் படலம் மட்டும், மண் இல்லை. பொறியாளர் கேட்டதும் அதே கேள்விதான். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு மண்ணை அரித்துக்கொண்டு வந்தால் கரைக்குள் குழாய்போல் பொந்து விழுகிறது என்று பொருள். அதன் பிறகு கிடைப்பது சில மணி நேரமாகவும் இருக்கலாம். கசிவின் வாயில் 'வி' வடிவ வெட்டுள்ள ஒரு தகட்டைப் பதித்தார்கள். வெட்டில் நீர் ஏறும் உயரத்திலிருந்து நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கிடலாம். வாரம் ஒருமுறை குறித்துக்கொள்வது என் வேலை.

என்னை உலுக்கியது மதகு. 1950களில் போட்ட நெளிவு இரும்புக் குழாய்க்குள் கேமராவை அனுப்பினார்கள். திரையில் குழாயின் அடிப்பாகமே காணோம். துருப்பிடித்து உதிர்ந்து, நீர் நேராக மண்மேல் ஓடியது. அடைப்பானோ துரு ஏறி அசையவில்லை. ஆபத்து வந்தால் ஏரியை இறக்க வழியே இல்லை. எங்கள் ஊரில் வயல்களுக்கு ஏரி நீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி மதகைத் திறந்து மூடிப் பார்க்காமல் ஒரு பருவத்தையும் தொடங்கமாட்டார். இங்கே அடைப்பானைக் கடைசியாகத் திருப்பியவர் யார் என்பதுகூட ஒருவருக்கும் நினைவில்லை.

ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் கலங்கலின் வாயில் கம்பிவலை ஒன்றும் இருந்தது. விட்ட மீன் ஓடையில் போய்விடாமல் இருக்க யாரோ எப்போதோ கட்டியது. அதை எடுக்கச் சொன்னதும் தூண்டில் போடுகிறவர்கள் மறுத்தார்கள். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் சொன்னேன். பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று பழைய கால்வாய் அணையை வாங்கியது. அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்கள் ஏற்கெனவே கழற்றி விற்கப்பட்டிருந்தன; மன்றம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் தலையைத் தாழ்த்தியது. கலங்கலில் மீன்வலை கட்டியது. 1889 மே 31 அன்று மழையில் அந்த வலையில் குப்பை அடைத்தது, நீர் கரைமேல் ஏறியது, கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் மாண்டார்கள். குழாய் இல்லை, வலை உண்டு: இந்த இரண்டும் அன்று எங்கள் ஏரிக்கும் பொருந்தின. அந்தச் சனிக்கிழமையே வலையை அறுத்து எடுத்தார்கள்; அறுத்தவர்கள் தூண்டில்காரர்கள்தாம்.

ஏரியை மூன்றடி இறக்க, பம்ப் வைப்பதற்கு முன் மீன்வளப் பிரிவின் தனி அனுமதி வேண்டும். பணத்துக்கு மாநிலத்தின் அணைச் சீரமைப்புக் கடன் இருக்கிறது: 2 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை. ஆனால் தனியார் சங்கத்தோடு ஊராட்சியும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தாள்வேலையில் இரண்டு குளிர்காலம் போயிற்று. "இங்கே என்ன வந்துவிடப்போகிறது" என்றவர்களுக்கு, 2004 ஜூலையில் இதே மாநிலத்தின் பர்லிங்டன் கவுண்டியில் ஒரே மழையில் 21 அணைகள் உடைந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கெடுப்பில் 51 வீடுகள் சம்மதித்தன.

முதல் வகை அணைக்கு அவசரகாலத் திட்டம் கட்டாயம். வெள்ளம் எங்கே, எத்தனை நிமிடத்தில் சேரும் என்ற வரைபடமும், யார் யாரை அழைப்பது என்ற பட்டியலும் அதில் இருக்கும். தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வரைபடத்தில் நீலம் பூசிய 11 வீடுகளுக்கும் நடந்தே போனேன். நான்காவது வீட்டுப் பெண்மணி அங்கே 26 ஆண்டுகளாக இருக்கிறார். மேலே ஏரி இருப்பது தெரியும். அதைத் தாங்கி ஒரு கரை நிற்பது தெரியாது. தரைக்குக் கீழ் அறையில் பேரன் தூங்குகிறான் என்றார். விரலை வரைபடத்தில் வைத்து, "எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார். 14 நிமிடம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நேரமெடுத்தது. அவர் கோபப்படவில்லை. பேரனின் கட்டிலை மாடிக்கு ஏற்ற ஒரு கை பிடிக்க முடியுமா என்று கேட்டார். நானும் அவர் மகனும் ஏற்றினோம்.

மரங்கள் இப்போது இல்லை. வேர்களைத் தோண்டி எடுத்து மண்ணை இடித்து நிரப்பியாயிற்று. பழைய குழாய் போய்ப் புதிய மதகு வந்துவிட்டது. அடிவாரத்தில் மணலும் சரளையும் அடுக்கிய வடிகால் வேலை நடக்கிறது. நீர் வெளியேறும், மண்ணை மணல் பிடித்து நிறுத்தும். அது முடியும்வரை ஏரி மூன்றடி இறங்கித்தான் நிற்கும். இந்தக் கோடையிலும் படகுகள் சேற்றில் கிடக்கின்றன, பிள்ளைகளுக்கு வருத்தம்தான்.

ஏழாவது வீடு சென்ற மாதம் கைமாறியிருக்கிறது. புதிதாக வந்தவர்களின் தொலைபேசி எண் பட்டியலில் இல்லை. சனிக்கிழமை காலை வரைபடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.